கடலுக்கு இரும்பிட்ட வரலாறு

நிலத்தைப் பார்க்கிலும் இருமடங்குக்கு மேற்பட்ட பரப்பினையுடையது கடல். மீனுந் தரும், உப்புந் தரும், மழையுந் தரும் என்று கரையிலே வாழும் மக்கள் எக்காலத்தும் அதனைப் போற்றி வந்துள்ளனர். ஆயின், அக்கடல் மனித குலத்துக்கு ஓசையின்றிச் செய்துவரும் பேருதவியொன்றை மிக அண்மைக்காலம்வரை எவரும் அறிந்திலர். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிவாயுவையும் எரிப்பதனால் மனிதர் இன்று ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,700 கோடி தொன் காபனீரொட்சைட்டு வாயுவை வானிலே விடுகின்றனர். காடழிப்பு முதலியவற்றால் எழுவதையுஞ் சேர்த்துப் பார்த்தால், மனிதச் செயலால் வெளிப்படும் இவ்வாயுவில் ஏறத்தாழக் காற்பங்கைக் கடல் தன்னுள்ளே வாங்கிக்கொள்கின்றது. அவ்வாயு வானிலே நின்று சிறைப்படுத்தும் மிகை வெப்பத்திலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குவரை கடலே ஏற்கின்றது.

இவ்வுதவிக்குக் கடல் கொடுக்கும் விலையும் உண்டு. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் மேற்பரப்பு நீரின் பி.எச். அளவு ஏறத்தாழ 8.2 ஆக இருந்தது, இப்பொழுது 8.1 ஆகக் குறைந்துள்ளது. எண்ணளவிற் சிறிதாகத் தோன்றும் இம்மாற்றம், நீரின் அமிலத்தன்மை நூற்றுக்கு முப்பது பங்களவு கூடிவிட்டதைக் காட்டுவதாகும். சிப்பியும் பவளமும் சுண்ணாம்பினால் உடல் அமைப்பன. அவற்றுக்கு இஃது இடராகும்.

இந்நிலையிலே, "இத்துணை வாயுவைத் தானாகவே உண்ணுங் கடலை இன்னுஞ் சிறிது கூடுதலாக உண்ணச் செய்யலாகாதா?" என்னுங் கேள்வி அறிஞர் சிலரிடையே எழுந்தது. அதற்கு விடையாகப் பல வழிகள் முன்வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள்ளே திறந்த கடலில் முதன்முதலிற் பலமுறை பரீட்சிக்கப்பட்டதும், உலக நாடுகளைப் பெரும் வாதத்தில் இறக்கியதும் கடலுக்கு இரும்பிடும் வழியாகும். அதன் வரலாற்றை ஆராயின் ஓர் உண்மை புலப்படும். விஞ்ஞானிகள் முதலிற் கேட்ட கேள்வி ஒன்று. உலகம் அவர்களிடங் கேட்ட கேள்வி வேறு. முன்னையதற்குப் பத்தாண்டுக்குள்ளே விடை கிடைத்தது. பின்னையது இன்னுந் தீராதிருக்கின்றது.

வளமிருந்தும் வறண்ட கடல்

கடல் காபனீரொட்சைட்டை உட்கொள்ளும் வழி இரண்டு. குளிர்ந்த நீர் அவ்வாயுவைக் கரைத்துக்கொண்டு ஆழத்துக்கு இறங்குதல் ஒன்று. உயிர்களின் வாயிலாக நிகழ்வது மற்றொன்று. வெயில் படும் மேல்நீரிலே கண்ணுக்குப் புலனாகாத நுண்தாவரங்கள் கோடானுகோடியாய் மிதக்கின்றன. தாவரப் பிளாந்தன் என்று அவற்றைக் கூறுவர். நிலத்திலே புல்லும் மரமுஞ் செய்வது போலவே இவையும் காபனீரொட்சைட்டை உணவாக்கி வளர்கின்றன. இவற்றிற் பெரும்பகுதி மேல்நீரிலேயே பிற உயிர்களால் உண்ணப்பட்டு மீண்டும் வாயுவாகிவிடும். சிறு பகுதி மட்டும் இறந்த உடலாகவும் கழிவாகவும் கீழே அமிழும். ஆயிரம் மீற்றருக்குக் கீழே சென்ற காபன் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே தங்கக்கூடும். கடலுக்கு இரும்பிடுவோர் நாடுவது இந்தச் சிறு பகுதியைப் பெருக்குதலையே.

பயிருக்கு எரு வேண்டியவாறே பிளாந்தனுக்கும் நைதரசன், பொசுபரசு முதலிய சத்துக்கள் வேண்டும். ஆயின், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கடலாராய்ச்சியாளர் ஒரு விந்தையைக் கண்டனர். தென்துருவத்தைச் சூழ்ந்த சமுத்திரத்திலும், பசிபிக்குச் சமுத்திரத்தின் மத்தியகோட்டுப் பகுதியிலும் வடபகுதியிலும் இச்சத்துக்கள் நிறைய இருந்தன. பிளாந்தனோ மிகக் குறைவாகவே இருந்தது. எருவிட்டு நீர் பாய்ச்சியும் பயிர் எழாத வயலைப் போன்றது அந்நிலை. உலகக் கடற்பரப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இத்தகையதே.

இதற்குக் காரணம் இரும்புக் குறையாகலாம் என 1930ஆம் ஆண்டுகளிலே நோர்வே நாட்டுக் கிரான் என்பாரும், ஆங்கிலேயராகிய ஹார்ட் என்பாரும் ஐயுற்றனர். பச்சையம் உண்டாவதற்கு இரும்பு சிறிதளவாயினும் இன்றியமையாதது. அவர்தம் ஐயத்தை நிறுவ அக்காலத்தில் வழியில்லை. ஏனெனிற் கடல்நீரிலுள்ள இரும்பை அளக்கச் சென்ற கப்பலே இரும்பாலானது. நீர் மொண்ட கலத்திலும் அதனைத் தாங்கிய கம்பியிலும் துருவிருந்தது. நீரின் இரும்பை அளப்பதாக எண்ணிக் கப்பலின் இரும்பையே ஐம்பது ஆண்டுகளாக அளந்துகொண்டிருந்தனர் எனலாம்.

இந்தத் தடையை நீக்கியவர் யோன் மார்ட்டின் என்னும் அமெரிக்க விஞ்ஞானி. இளமையிலே இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு கால் வலுவிழந்தவர். கலிபோர்ணியாவிலுள்ள மொஸ் லாண்டிங் கடலாய்வுக் கூடத்தின் தலைவராயிருந்தவர். ஈயத்தை மாசின்றி அளப்பதற்குக் கிளெயர் பற்றசன் வகுத்திருந்த தூய முறைகளைக் கையாண்டு, அவரும் அவருடன் உழைத்தோரும் கடல்நீரின் உண்மையான இரும்பளவைக் கண்டனர். அது முன்னையோர் எண்ணியதிலும் மிகமிகக் குறைவாயிருந்தது. அலாஸ்காவுக்குத் தெற்கே எடுத்த நீரைப் போத்தல்களிலிட்டுச் சிறிது இரும்பு சேர்த்தபோது பிளாந்தன் செழித்தது. இம்முடிவு 1988ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

அதே ஆண்டு வூட்ஸ் ஹோல் ஆராய்ச்சி நிலையத்திலே பேசிய மார்ட்டின், தமக்கு அரைக் கப்பல் இரும்பு கொடுத்தால் உலகுக்கு ஒரு பனியுகத்தைத் தருவதாகக் கூறினார். கேட்டோர் நகைத்தனர், அவரும் பாதி விளையாட்டாகவே கூறியிருந்தார். எனினும் அக்கூற்றின் பின்னே ஒரு கருத்து இருந்தது. தென்துருவத்து வொஸ்தொக் என்னுமிடத்திலே தோண்டியெடுத்த பனிக்கட்டியில் ஒன்றரை இலட்சம் ஆண்டுக்கு மேற்பட்ட காற்றின் வரலாறு பதிவாகியிருந்தது. பனியுகங்களிலே பாலைநிலத் தூசி மிகுந்தும் காபனீரொட்சைட்டுக் குறைந்தும் இருந்தமையை அப்பதிவு காட்டிற்று. தூசியிலே இரும்பு உண்டு. காற்று இரும்பைக் கடலுக்குக் கொண்டு சென்றது, பிளாந்தன் பெருகிற்று, வானத்து வாயு குறைந்தது, உலகங் குளிர்ந்தது. இவ்வாறு அவர் 1990ஆம் ஆண்டில் தம் கருதுகோளை எழுதி வெளியிட்டார். பனியுகத்து வாயுக் குறைவின் ஒரு பகுதியையே இரும்பு விளக்கவல்லது என்பது பின்வந்த ஆராய்ச்சியாளரின் முடிவு. ஆயினும் அவர் காட்டிய தொடர்பு பொய்யாகவில்லை.

போத்தலிலிருந்து பெருங்கடலுக்கு

மார்ட்டினின் சொல் பத்திரிகைகளிற் பரவியதும், உலக வெப்பத்துக்கு மலிவான மருந்து கிடைத்துவிட்டதெனச் சிலர் மகிழ்ந்தனர். வேறு சிலர் அஞ்சினர். 1991ஆம் ஆண்டிலே அமெரிக்கக் கடல், ஏரி ஆராய்ச்சியாளர் சங்கத்தினர் கூடி ஆராய்ந்தனர். கடலுக்கு இரும்பிடுதலைக் காலநிலைக்குரிய பரிகாரமாகக் கொள்ளலாகாது என்றும், அறிவு பெறும்பொருட்டுச் சிறு பரிசோதனைகள் செய்தல் தகும் என்றும் அவர்கள் தீர்மானித்தனர். பின்னர் முப்பது ஆண்டுகளாக நிகழ்ந்த வாதம் முழுவதும் இந்த இரு வாக்கியங்களுள் அடங்கும்.

முதற் பரிசோதனை 1993ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கலபாகசுத் தீவுகளுக்குத் தெற்கே நடந்தது. 64 சதுர கிலோமீற்றர் பரப்பிலே ஏறத்தாழ 450 கிலோகிராம் இரும்பு கரைத்து விடப்பட்டது. அதனைக் காண மார்ட்டின் உயிரோடிருக்கவில்லை. புற்றுநோயினால் அவ்வாண்டு யூன் மாதத்திலேயே அவர் காலமானார். பச்சையத்தின் அளவு மும்மடங்காயிற்று. ஆயினும் சில நாட்களில் இரும்பிட்ட நீர் இலேசான வேறொரு நீரின் கீழே மறைந்துவிட்டமையால் முடிவு தெளிவாகவில்லை. 1995ஆம் ஆண்டில் அதே குழுவினர் மீண்டுஞ் சென்றனர். இம்முறை இரும்பை ஒரே தடவையில் இடாது மும்முறை பகிர்ந்திட்டனர். நீலக்கடல் பச்சையாயிற்று. பச்சையம் ஏறத்தாழ முப்பது மடங்கு பெருகிற்று. மேல்நீரிலிருந்த காபனீரொட்சைட்டுக் கண்கூடாகக் குறைந்தது.

1999ஆம் ஆண்டிலே நியூசீலாந்துக் கப்பலொன்று தசுமேனியாவுக்குத் தெற்கே, தென் சமுத்திரத்திலே இதனைச் செய்தது. கப்பல் திரும்பி ஆறு வாரங்களின் பின்னரும் நூற்றைம்பது கிலோமீற்றர் நீளமான பச்சை நாடா போன்ற பிளாந்தன் பட்டையொன்று செய்மதிப் படத்திலே தெரிந்தது. இவ்வாறு 1993 தொடக்கம் 2009 வரை பதின்மூன்று பரிசோதனைகள் நிகழ்ந்தன. முதற் கேள்விக்கு விடை ஐயமின்றிக் கிடைத்தது: இரும்பிட்டாற் பிளாந்தன் வளரும்.

வளர்ந்தது, அமிழ்ந்ததா?

பிளாந்தன் வளர்ந்தாற் போதாது. அது அமிழவும் வேண்டும். மேல்நீரிலே வளர்ந்து மேல்நீரிலேயே அழியுமாயின், வானிலிருந்து எடுத்த வாயு வானுக்கே திரும்பும். கடன் வாங்கி மறுநாளே திருப்பிக் கொடுத்தவன் பொருளீட்டியவனாகான் அல்லவா?

இவ்விடயத்திலே, ஜேர்மனியரின் போலார்ஸ்டேர்ண் என்னும் ஒரே கப்பல், தென் சமுத்திரத்தின் அத்திலாந்திக்குப் பகுதியிலே செய்த இரு பரிசோதனைகள் ஒன்றுக்கொன்று மாறான விடை தந்தன. 2004ஆம் ஆண்டில் நடந்த முதலாவதிலே தயற்றம் என்னும் நுண்தாவரங்கள் பெருகின. இவை சிலிக்காவினால் ஓடு அமைப்பவை. பெருகி முதிர்ந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகிப் பாரத்தினாற் கீழிறங்குபவை. வளர்ந்ததிற் குறைந்தது பாதியாயினும் ஆயிரம் மீற்றருக்குக் கீழே அமிழ்ந்ததென 2012ஆம் ஆண்டில் விக்டர் ஸ்மெட்டாசெக்கும் பிறரும் அறிவித்தனர்.

இரண்டாவது 2009ஆம் ஆண்டிலே இந்தியரும் ஜேர்மனியருஞ் சேர்ந்து செய்தது. கோவாவிலுள்ள இந்தியத் தேசிய கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த நக்வியும் ஜேர்மனி அல்பிரட் வெகனர் நிலையத்து ஸ்மெட்டாசெக்கும் அதற்குத் தலைமை தாங்கினர். அதன் பெயர் லோகாபெக்ஸ் என்பது. லோகா எனின் இந்தி மொழியில் இரும்பாம்; நாம் உலோகம் என வழங்குஞ் சொல்லின் வடமொழி மூலமும் அதுவே. ஏறத்தாழ 300 சதுர கிலோமீற்றர்ப் பரப்பிலே இருமுறையாக இருபது தொன் இரும்புச் சல்பேற்று இடப்பட்டது. பிளாந்தன் வளர்ந்தது. ஆனால் அந்நீரிலே சிலிக்கா முன்னரே தீர்ந்திருந்தமையால் தயற்றம் பெருகவில்லை. ஓடில்லாத சிறு இனங்களே பெருகின. அவற்றை இறால் வகுப்பைச் சார்ந்த மிகச் சிறு பிராணிகள் மேய்ந்தன. அவற்றை வேறு பெரிய பிராணிகள் உண்டன. ஆழத்துக்குச் சென்ற காபன் மிகச் சொற்பமே.

பரிசோதனை தோற்றதெனச் சிலர் எள்ளினர். அது தவறு. ஒரே மருந்து ஒரு நீரிற் பலித்தும் இன்னொரு நீரிற் பலியாதும் போகும் என்பதையும், அதற்குக் காரணம் யாதென்பதையும் உலகுக்கு உணர்த்தியது அப்பயணமே. எந்தக் கடலிலும் இரும்பைக் கொட்டி இத்தனை தொன் காபனை ஒழித்தோம் எனக் கணக்கெழுதுவோர் கூற்று நம்பத்தக்கதன்று என்பதற்கு அதனிலுஞ் சிறந்த சான்று வேறில்லை.

விஞ்ஞானியும் வணிகனும்

அத்தகைய கணக்கெழுத முன்வந்தோரும் இருந்தனர். வாயுவை வெளிவிடும் ஆலைகள், அதற்கு ஈடாக வேறிடத்தில் வாயுவை ஒழித்ததாகச் சான்றிதழ் வாங்கும் வணிகம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் பெருகிற்று. கடலுக்கு இரும்பிட்டு அச்சான்றிதழை விற்கலாம் எனச் சில கம்பனிகள் எண்ணின. 2007ஆம் ஆண்டிலே பிளாங்டோஸ் என்னும் அமெரிக்கக் கம்பனி கலபாகசுக்கு மேற்கே 10,000 சதுர கிலோமீற்றர்ப் பரப்பில் நூறு தொன் வரை இரும்புத் தூள் இடப்போவதாக அறிவித்தது. முதற் பரிசோதனையிலே விஞ்ஞானிகள் இட்டது அரைத் தொன்னுக்குங் குறைவு என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். சூழல் இயக்கங்கள் எதிர்த்தன. கம்பனியின் முயற்சி பணமின்றி 2008ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கைவிடப்பட்டது.

ஆயினும் உலக நாடுகள் விழித்துக்கொண்டன. 2008ஆம் ஆண்டு மே மாதம் ஜேர்மனியின் பொன் நகரிற் கூடிய உயிர்ப்பல்வகைமைச் சமவாயத்தின் உறுப்பு நாடுகள், கரையோர நீரிற் செய்யுஞ் சிறு விஞ்ஞானப் பரிசோதனை தவிர வேறெவ்வகையிலுங் கடலுக்கு இரும்பிடலாகாதென வேண்டின. கடலிலே கழிவுகொட்டுதலைக் கட்டுப்படுத்தும் 1972ஆம் ஆண்டு இலண்டன் சமவாயத்தின் உறுப்பு நாடுகள் அதே ஆண்டு ஒக்டோபரில், நெறிப்படியான விஞ்ஞான ஆராய்ச்சியை மட்டும் அனுமதிக்கலாமெனத் தீர்மானித்தன. வணிகனை நோக்கி எழுந்த தடையின் நிழல் விஞ்ஞானிமீதும் வீழ்ந்தது. மேலே கூறிய இந்திய-ஜேர்மன் பயணம் 2009ஆம் ஆண்டு சனவரியிலே தென்னாபிரிக்காவின் கேப் நகரிலிருந்து புறப்பட்டபின், ஜேர்மன் சூழல் அமைச்சு அதனை நிறுத்துமாறு கோரிற்று. கப்பல் கடலிலிருக்க, ஆராய்ச்சி அமைச்சு அறிஞர் கருத்தைக் கேட்டறிந்து அம்மாத இறுதியிலேயே அனுமதி கொடுத்தது.

2012ஆம் ஆண்டில் நடந்த நிகழ்ச்சி எல்லாவற்றிலும் உருக்கமானது. கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஹைடா குவாய் என்னும் தீவுகள் உள. அங்கு வாழும் ஹைடா ஆதிக்குடிகளுக்குச் சமன் மீனே உணவும் வாழ்வுமாகும். அம்மீன் அருகி வந்தது. 2008ஆம் ஆண்டிலே அலாஸ்காப் பக்கத்துக் கசற்றோச்சி எரிமலை வெடித்து, இரும்புச் சத்துள்ள சாம்பலைக் கடலிலே தூவிற்று. 2010ஆம் ஆண்டிற் பிரேசர் ஆற்றுக்கு எதிர்பாராத அளவிற் சமன் மீன் திரும்பிற்று. இவ்விரண்டுக்குந் தொடர்பு உண்டெனச் சில ஆராய்ச்சியாளர் கருதினர்; வேறு சிலர் மறுத்தனர். ஓல்ட் மாசெட் என்னுங் கிராமத்தார் அக்கருத்தை நம்பி, வாக்களித்துத் தீர்மானித்து, ஏறத்தாழ 25 இலட்சம் டொலரை ஒதுக்கினர். பிளாங்டோஸ் கம்பனியை முன்னர் நடத்திய ரஸ் ஜோர்ஜ் என்பவர் துணைநிற்க, அவ்வாண்டு யூலையிலே நூறு தொன்னளவு இரும்புச் சேர்வை கரைக்கு அப்பாலுள்ள கடலில் இடப்பட்டது. மீன் பெருகுவதோடு காபன் சான்றிதழ் விற்றுக் கடனையும் அடைக்கலாம் என அவர்கள் நம்பியிருந்தனர்.

செய்தி வெளியானதும் உலகெங்குங் கண்டனம் எழுந்தது. கனடா அரசினர் 2013ஆம் ஆண்டிலே அக்கிராமத்தாரின் கம்பனி அலுவலகத்தைச் சோதனையிட்டனர். அனைத்துலக உடன்படிக்கைக்கு முரணாகுமென முன்னரே அறிந்திருந்தாற் கிராமத்தார் உடன்பட்டிரார் என ஹைடா மக்களின் பேரவைத் தலைவர் கூறினார். அம்மக்களைப் பழிப்பது எளிது. ஆயின், தம் ஊர் மீன் அழிவதைக் கண்டு கையிலிருந்த பணத்தைக் கடலிலே கரைத்த ஏழை மீனவர் குற்றவாளிகளாக நிற்க, இருநூறு ஆண்டுகளாகக் கரிப்புகையை வானிலே கரைத்த நாடுகள் நீதிபதிகளாக வீற்றிருந்தன என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ளும்.

இரு பக்க வாதங்கள்

இனி, வாதிப்போர் கூறுவனவற்றை நடுநிலையில் நின்று நோக்குவாம்.

இரும்பிடுதல் வேண்டுமென்போர் கூறுவது இதுவாகும்: 1958ஆம் ஆண்டிலே ஹவாயித் தீவின் மௌனா லோவா மலையிற் சார்ள்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கிற் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 315 பங்காக இருந்தது, இன்று 420ஐயுங் கடந்துவிட்டது. இனி வாயுவைக் குறைவாக வெளிவிட்டால் மட்டும் போதாது, வெளிவிட்டதையும் மீட்கவேண்டும். மரம் நடுவதற்கு நிலம் வேண்டும். அந்நிலத்தில் மக்களுக்கு உணவு விளையவேண்டும். கடலோ பரந்து கிடக்கின்றது, இரும்போ மலிவானது. காற்றும் எரிமலையும் எக்காலத்துஞ் செய்துவருவதையே நாமுஞ் செய்கின்றோம்.

மறுப்போர் கூறுவது மூன்று. முதலாவது, அமிழும் உயிர்ப்பொருள் ஆழத்திலே அழுகும்போது ஒட்சிசனைக் குடிக்கும். நைதரசொட்சைட்டு என்னும் வலிய வெப்ப வாயுவும் எழக்கூடும். நஞ்சுள்ள தயற்ற இனங்கள் பெருகவுங் கூடும். இரண்டாவது, ஓரிடத்துப் பிளாந்தன் சத்துக்களை உண்டுவிட்டால் அச்சத்தை எதிர்பார்த்திருக்கும் வேறிடத்துக் கடல் வறளும். இஃது எமக்கு நெருங்கிய செய்தி. தென் சமுத்திரத்திலிருந்து வடக்கே பரவும் நீரின் சத்துக்களே, தெற்கு 30ஆம் அகலக்கோட்டுக்கு வடக்கேயுள்ள கடல்களின் உயிர் விளைவில் நான்கில் மூன்று பங்குக்கு ஆதாரமென 2004ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர். எனவே தென்துருவத்தருகே பெருமளவில் இரும்பிட்டு ஒரு நாடு புகழ்பெறுமாயின், பல ஆண்டுகளின் பின் வெப்பவலயத்து மீனவனின் வலை வெறுமையாகக்கூடும். காரணம் எதுவென்று அவனுக்குத் தெரியவும் வாராது. மூன்றாவது, அளவு. மிக்க நம்பிக்கையுடையோரும் இவ்வழியால் ஆண்டுக்குச் சில நூறு கோடி தொன் வாயுவை அகற்றலாம் என்பரேயன்றி அதற்குமேற் கூறார். 3,700 கோடிக்கு அஃது எம்மட்டு? ஓட்டைத் தோணியில் ஓட்டையை அடையாது நீரை மட்டும் இறைப்பவன் கரைசேரான்.

இரும்பு மட்டுமே பேசப்படும் வழியன்று. பிடித்த வாயுவைக் குழாய்வழியே ஆழ்கடலில் இறக்கலாம் என 1977ஆம் ஆண்டிலே இத்தாலியராகிய சேசரே மார்க்கெற்றி கூறினார். 2002ஆம் ஆண்டில் நோர்வேக் கடலிற் செய்யவிருந்த அத்தகைய பரிசோதனையை அந்நாட்டரசு தடுத்தது. அதே நோர்வே, கடற்படுகைக்குக் கீழேயுள்ள பாறைகளில் 1996 தொடக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் தொன் வாயுவைச் செலுத்திவந்தது. அடைத்த பாறையிலிருப்பது அளந்தறியத்தக்கது என்பதே அவ்வேறுபாட்டுக்குக் காரணம். சுண்ணாம்பு போன்ற காரப்பொருளைக் கடலிலே கரைத்தால் வாயுவும் உட்செல்லும், அமிலமுங் குறையும் என்போர் இப்பொழுது பெருகி வருகின்றனர். கடற்பாசியை வளர்த்து ஆழத்தில் அமிழ்த்தலாமென்போரும் உளர். இவை ஒவ்வொன்றும் இரும்பின் வரலாற்றிலே எழுந்த அதே கேள்விகளுக்கு விடை கூறியே ஆகவேண்டும்: சென்ற காபன் தங்குமா? அதனை அளப்பவர் யார்? தீங்கு விளைந்தாற் பொறுப்பவர் யார்?

கடல் எவருடையது?

இக்கேள்விகளின் அடியிலே கிடப்பது உரிமைக் கேள்வியாகும். கரையிலிருந்து 200 கடல்மைலுக்கு அப்பாலுள்ள கடல் எந்நாட்டுக்கும் உரியதன்று. அங்கே ஒருவர் இடும் இரும்பின் பயனும் பழியும் எல்லோரையுஞ் சாரும். இவ்விடயத்திலே இலங்கையருக்கும் ஒரு தொடர்புண்டு. 1973ஆம் ஆண்டு தொடங்கிய ஐக்கிய நாடுகளின் மூன்றாவது கடற் சட்ட மாநாட்டுக்கு முதற்றலைவராயிருந்தவர் இலங்கையராகிய ஹமில்ற்றன் சேர்லி அமரசிங்க அவர்களாவர். 1980ஆம் ஆண்டிலே தாம் காலமாகும்வரை அப்பணியை ஆற்றினார். வல்லரசுகள் தம் விருப்பப்படி ஆண்ட கடலைச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்த அச்சமவாயம் 1982ஆம் ஆண்டில் நிறைவேறிற்று.

ஒருவகை மாசை வேறொருவகை மாசாக மாற்றலாகாது என்பது அச்சமவாயத்தின் 195ஆம் உறுப்புரையின் கருத்து. அது எழுதப்பட்டபோது கடலுக்கு இரும்பிடுதலை எவரும் நினைத்திரார். ஆயின், சிறு தீவு நாடுகள் சில வேண்டியதன்பேரில், அனைத்துலகக் கடற் சட்ட நியாயசபை 2024ஆம் ஆண்டு மே மாதம் தன் ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது. மனிதர் வெளிவிடும் வெப்ப வாயுக்கள் கடலை மாசுபடுத்துவனவே என்றும், அவற்றைக் குறைக்கும் கடமை நாடுகளுக்கு உண்டு என்றும் அச்சபை கூறிற்று. கடலிற் செய்யும் பரிகாரம் மாசின் வகையை மாற்றுவதாக மட்டும் அமையுமாயின் அது 195ஆம் உறுப்புரைக்கு முரணாகும் என்றுங் குறித்தது. கடலுக்கு இரும்பிடுதலைக் கட்டுப்படுத்த இலண்டன் உடன்படிக்கையிலே 2013ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட திருத்தமோ, போதிய நாடுகள் ஏற்காமையாற் பல்லாண்டுகளாக நடைமுறைக்கு வாராது கிடந்தது. எவருக்கும் உரியதல்லாக் கடலின் உயிர்களைக் காக்கும் புதிய உடன்படிக்கையொன்றும் 2023ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. சட்டம் மெல்லவே நடக்கின்றது, வணிகம் ஓடுகின்றது.

முடிவுரை

"ஆழமறியாமற் காலை விடாதே" என்பது எம்மவர் பழமொழி. அதனைத் தவறாகப் பொருள்கொள்வாரும் உளர். ஆற்றைக் கண்டு அஞ்சிக் கரையிலே நின்றுவிடு என்று அப்பழமொழி கூறவில்லை. முதலில் ஆழத்தை அறி என்றே கூறுகின்றது. 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர், கண்டனத்துக்கு அஞ்சித் திறந்த கடலில் இத்தகைய விஞ்ஞானப் பரிசோதனை செய்வார் நெடுங்காலம் இலராயினர். அடுத்து அங்கே இரும்பிட்டவர் விஞ்ஞானிகள் அல்லர் என்பதை ஹைடா நிகழ்ச்சி காட்டிற்று. அறிவை விரும்புவோரைத் தடுத்தால் அவ்விடத்தை இலாபம் விரும்புவோர் நிரப்புவர்.

ஆகவே எம் கருத்து இதுவாகும். ஆராய்ச்சி நடைபெறவேண்டும், அது பொதுப்பணத்தில், பொதுமக்கள் அறிய, சிறு அளவில், முடிவு எதுவாயினும் மறையாது வெளியிடும் நியதியோடு நடைபெறவேண்டும். காபன் தங்குமென்று நிலைநாட்டும்வரை எவருஞ் சான்றிதழ் விற்றல் ஆகாது. கடலையே நம்பி வாழும் மீனவருக்கும், சிறு தீவினருக்கும், வெப்பவலயத்து வறிய நாடுகளுக்கும் அத்தீர்மானத்திலே வாக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புகையைக் குறைக்கவேண்டிய கடமையிலிருந்து எவரையும் விடுவிக்கும் சாட்டாகக் கடல் ஆகலாகாது.

மார்ட்டின் கேட்ட அரைக் கப்பல் இரும்பு எந்தத் துறைமுகத்திலும் எளிதிற் கிடைக்கும். அதனை இடுவதா விடுவதா என்று எல்லோருஞ் சேர்ந்து தீர்மானிக்கும் சபையே இன்னும் முற்றாகக் கிடைக்கவில்லை. அதனை ஆக்கும் பொறுப்பு, வரப்போகும் வெப்பத்திலே வாழவேண்டிய இளந்தலைமுறையினராகிய எமக்கே உரியது. கடலின் நடுவே பிறந்த நாம் அவ்வாதத்தைத் தொலைவிலிருந்து கேட்போராய் மட்டும் இருத்தல் தகாது.